சாட்சியின் பெயருக்கு நேரே

பட்டணங்காத்தான் வேப்பமரத்தடியில்
கபீர் பாயின் தட்டச்சுப் பொறிக்கு
'ற' மட்டும் விழாது.
குற்றம் என்று அடித்தால்
நடுவில் இரண்டு வெள்ளை விடும்.
அதைப் பேனாவால் நிரப்பிக்கொண்டே கேட்டார்:
சம்பவம் நடந்த தேதி?

அமாவாசைக்கு மூணாம் நாள்,
என்றாள் நாகஜோதி.
வலைக்கு நண்டு ஏறாம
கம்பெனியில பாதிப் பேரை
மதியமே அனுப்பின நாள்.

பாய் காலண்டரைப் பின்னுக்குப் புரட்டினார்.
ஆணையத்துக்கு அமாவாசை தெரியாது தாயி.

நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன்.
மண்டபத்திலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வந்தோம்,
வேறு வேறு சீட்டில்.

நடந்தது இவ்வளவுதான்.
அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் கூடம்.
எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே கையுறை.
தண்ணீர் மட்டும் இரண்டு இடத்தில்.
வாசல் பக்கம், சங்கிலி கட்டிய டம்ளரோடு ஒன்று.
ஐஸ் அறைக்குப் பின்னால்
பாதியில் வெட்டிய கலர் பாட்டிலோடு ஒன்று.
யாரும் எழுதி ஒட்டவில்லை.
எழுதாமலே எல்லோரும் படித்திருந்தோம்.

அன்று ஐஸ் அறைப் பக்கம்
லாரி மறித்து நின்றது.
நண்டு ஓடு கிழித்து அவள் விரலில் ரத்தம்.
சங்கிலி டம்ளரை எடுத்துக் குடித்தாள்.
அண்ணாந்துகூட இல்லை,
வாய் வைத்து.

சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை.
எடைச் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே
நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான்.
பிறகு என் பக்கம் திரும்பி,
அதைக் கழுவி வை.

சாட்சி உண்டா, என்றார் பாய்.
பார்த்தது பதினோரு பேர்.
பத்துப் பேர் அன்றைக்கு லீவாம்.

பெயர்?
ஆரோக்கிய ஜெனிட்டா.
வயது?
முப்பத்திநாலு.
மனுதாரருக்கு என்ன உறவு?
உறவில்லை.
சிநேகிதியா?
அதை நான் அவளிடம் கேட்டதில்லை.
நாகஜோதி திரும்பாமலே சொன்னாள்:
ஒரே மேசைன்னு போடுங்க.

பார்த்ததைச் சொல்லு தாயி.
சொன்னேன். லாரி, விரல், டம்ளர்,
எடைச் சீட்டு.
அப்புறம்?
டம்ளரைக் கழுவினாங்க.
யாரு?

கார்பன் தாள்மேல்
ஒரு வேப்பம்பழம் விழுந்து உருண்டது.
பாய் அதை எடுத்துப் போட்டுவிட்டு
குரலைத் தாழ்த்தினார்.
கழுவச் சொன்னாங்கன்னு போட்டுக்கிடுவோம்,
உனக்கும் வம்பில்ல.

இல்ல பாய்.
மேசை கழுவுற குளோரின் தண்ணியில,
ரெண்டு தரம்.
ஒரு தரம் கழுவி மோந்து பார்த்தேன்.
திரும்பவும் ஒரு தரம் கழுவினேன்.
ரெண்டாவது தரம் கழுவச் சொல்லி
யாரும் சொல்லல.

நாகஜோதி அப்போதும் திரும்பவில்லை.
காதில் கிடந்த பித்தளைத் தோடு மட்டும்
ஆடி நின்றது.

'டம்ளரை நான் கழுவினேன். இரண்டு தரம்.'
அந்த வரியில் ஒரு 'ற' கூட இல்லை.
வெள்ளை விடாமல்
கறுப்பாக விழுந்தது.

கையெழுத்து மூன்று நகலில்.
ஒன்று கலெக்டர் ஆபீஸ் ஜன்னலில்,
ஒன்று சென்னைக்குப் பதிவுத் தபாலில்,
ஒன்று அவள் ரவிக்கைக்குள்.
முத்திரை குத்தியவர் தலை நிமிரவில்லை.
பதில் வரும் என்றார்.
எப்போ சார்?
வரும்.

திரும்புகிற பஸ்ஸில்
அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.
பக்கத்து இடம் காலி.
உட்கார்ந்தேன்.
அவள் நகரவும் இல்லை, பார்க்கவும் இல்லை.
உச்சிப்புளியில் தண்ணீர் பாட்டில் வாங்கி
வாய் வைத்துக் குடித்தாள்,
மூடியைத் திருகி மடியில் வைத்துக்கொண்டாள்.
எனக்கும் தாகம்தான்.
கேட்கவில்லை.

மண்டபம் நெருங்க
உப்புக் காற்று உள்ளே வந்தது.
ரசீதைப் பிரித்துப் பதிவு எண்ணை
ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள்.
நானும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
இறங்கும்போது
கடைசி இரண்டு இலக்கம் மறந்திருந்தது.